உயிர்வேலி வளர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டத்தைச் சுற்றி உயிர்வேலி போட நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "என்ன செடி வைக்கலாம்?" என்பதுதான். செடி முக்கியம்தான். ஆனால் நான் பார்த்த வரையில், கெட்டுப்போன வேலிகளில் பெரும்பாலானவை செடியால் கெடவில்லை, அடி பிடிக்காமல் கெட்டவை. மேலே பச்சைப்பசேல் என்று தலைக்கு மேல் நிற்கும். கீழே முழங்கால் உயரத்துக்கு வெறும் குச்சியாக இருக்கும். நாய் குனியாமலே உள்ளே வரும். என் முதல் வேலியும் அப்படித்தான் ஆனது. அதனால் கீழே உள்ள பதில்களில் 'அடி' என்ற சொல் அளவாகவும் வரும், வேலியின் காலடியாகவும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்பிவேலி இருக்கும்போது உயிர்வேலி எதற்கு?

கம்பிவேலி போட்ட அன்றைக்கே வேலி. மறுநாளில் இருந்து துருப்பிடிக்க ஆரம்பிக்கும், கால் சாயும், கம்பி தொய்யும். உயிர்வேலி நட்ட அன்றைக்கு வேலியே இல்லை, வெறும் குச்சி வரிசை. மூன்று நான்கு வருஷம் கழித்துத்தான் வேலியாகும். அதற்கப்புறம் வருஷத்துக்கு வருஷம் இறுகிக்கொண்டே போகும்.

தழை, தீவனம், பழம், தேனீக்குப் பூ, குருவிக்குக் கூடு என்று மற்ற வரவுகளும் உண்டு. செலவும் உண்டு: உங்கள் உழைப்பு. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அரிவாள் எடுக்க மனமில்லாதவர் கம்பியோடு நின்றுவிடுவது நல்லது. கவனிக்காத உயிர்வேலி வேலியாக இருக்காது, புதராகிவிடும்.

நல்ல வேலி என்று எதை வைத்துச் சொல்வது?

முள்கம்பி வருவதற்கு முன், அமெரிக்கப் புல்வெளிகளில் குடியேறிய விவசாயிகள் ஓசேஜ் ஆரஞ்சு என்ற முள்மரத்தை நெருக்கி நட்டு வேலி வளர்த்தார்கள். அந்த வேலிக்கு அவர்கள் சொன்ன இலக்கணம் மூன்று: குதிரை தாண்டாத உயரம், காளை முட்டினால் அசையாத வலு, பன்றி நுழையாத நெருக்கம். 1874-இல் ஜோசப் கிளிடன் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு அந்த வேலிகளுக்கு மவுசு போய்விட்டது. இலக்கணம் இன்றைக்கும் செல்லும்.

உயரம் தானாக வரும். வலு வயதோடு வரும். பன்றி நுழையாத நெருக்கம் மட்டும் தானாக வராது, நாம்தான் வெட்டி வெட்டி வரவழைக்க வேண்டும். அதனால் வேலியை மேலே பார்க்காதீர்கள். குத்தவைத்து உட்கார்ந்து, தரையில் இருந்து ஒரு முழம் வரைக்கும் பாருங்கள். மறுபக்கத்து வெளிச்சம் துண்டு துண்டாகத் தெரிந்தால் சரி. மறுபக்கத்தில் நிற்பவரின் செருப்பு முழுசாகத் தெரிந்தால் அது வேலி இல்லை.

சரி, எந்தச் செடிதான் வைப்பது?

முதலில் யாரைத் தடுக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஆடு வாயால் வரும், மாடு உடம்பால் வரும், முயலும் பன்றியும் கீழே நுழையும், மனிதன் கையால் விலக்கிக்கொண்டு வருவான்.

ஆடுதான் பிரச்சினை என்றால், அது தின்னாத செடி பாதி வேலை செய்துவிடும். ஆடாதொடையின் பெயரிலேயே பதில் இருக்கிறது: ஆடு தொடாத இலை. நொச்சியையும் ஆடு சாதாரணமாகச் சீண்டாது. இரண்டுமே குச்சி வைத்தால் பிழைக்கும், வெட்ட வெட்டத் தழையும், முள் இல்லாததால் வீட்டை ஒட்டிய தோட்டத்துக்குப் பொருந்தும். ஆடாதொடை ஓரளவு நிழலிலும் வரும். ஆனால் இவை மாட்டை நிறுத்தாது. அதற்கு முள் வேண்டும்.

முள்ளில் என் முதல் ஓட்டு களாவுக்கு. என்றும் பச்சை, கிளைக்குக் கிளை கவை கவையாக முள், வறட்சி தாங்கும், காயும் கிடைக்கும். ஒரே குறை, ஆரம்பத்தில் மெதுவாக வளரும். அவசரக்காரர்களுக்குக் கொடுக்காப்புளி: விதை போட்டு நெருக்கமாக வளர்த்தால் வேகமாக எழும்பும். ஆனால் அது பிறவியில் மரம், வெட்டை நிறுத்திய வருஷமே மரமாகப் போய்விடும். முள்கிளுவை வறண்ட நிலத்தின் வேலிச்செடி. அதன் இலையை ஆடு கடிக்கும்தான், ஆனால் முள்ளும் நெருக்கமும் உள்ளே விடாது. கழற்கொடி கொக்கி கொக்கியான முள்ளோடு எதன்மேலும் ஏறிப் படரும். அதைத் தனி வேலியாக வைக்காமல், பலவீனமான இடத்தில் ஒட்டுப்போட மட்டும் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் அதை அடக்கவே ஒரு ஆள் வேண்டும்.

கள்ளி வகைகளில் திருகுகள்ளிக்கு முள் கிடையாது, பால்தான் காவல். கால்நடை வாய் வைக்காது. சதுரக்கள்ளிக்கு முள்ளும் உண்டு, பாலும் உண்டு. தண்ணீரே இல்லாத கல்லாங்குத்து நிலத்தில் இவற்றைத் தவிர வேறு எதுவும் தாங்காது என்ற நிலை வரலாம். அப்போது வையுங்கள். குழந்தைகள் விளையாடும் இடத்தில் வேண்டாம். உப்புத் தண்ணீர், உப்பு மண் என்றால் பூவரசும் சங்கஞ்செடியும் தாங்கும்.

ஒரே செடியை வைப்பதைவிட இரண்டு மூன்றைக் கலப்பது எனக்குப் பிடிக்கும். ஒரு நோய் வந்தால் மொத்த வேலியும் போகாது. ஆனால் வேகமாக வளர்வதையும் மெதுவாக வளர்வதையும் ஒரே வரிசையில் மாற்றி மாற்றி வைக்காதீர்கள். வேகமானது மற்றதை நிழலில் அமுக்கிவிடும். பத்து இருபது அடிக்கு ஒன்று என்று துண்டு துண்டாகப் பிரித்து வையுங்கள்.

போத்து நட்டால் எல்லாம் பிழைத்துவிடுமா?

நடுவதற்காக வெட்டிய கிளைக்குத்தான் போத்து என்று பெயர். அப்படிப் பிழைக்கிற மரங்கள் இருக்கின்றன: கிளுவை, பூவரசு, கல்யாண முருங்கை, ஒதியன், கிளைரிசிடியா. இவற்றின் முற்றிய கிளையை வெட்டி நேராக மண்ணில் நட்டால் வேர் விடும். அதற்காக எதை வெட்டி எப்போது சொருகினாலும் வந்துவிடும் என்று இல்லை.

இலை உதிர்ந்து மரம் தூங்கும் காலத்தில், மழைக்குக் கொஞ்சம் முன்னால் வெட்டுங்கள். அப்போது மரத்தின் சேமிப்பெல்லாம் தண்டில் இருக்கும். இலையோடு இருக்கும் கிளையை வெட்டினால் அந்தச் சேமிப்பு ஏற்கெனவே தளிருக்குப் போயிருக்கும். போத்து துளிர்ப்பதுபோல் ஆசை காட்டி, வேர் விடாமல் காய்ந்துவிடும். இதில் ஏமாறாதவர் கிடையாது. தளிர் வந்துவிட்டது என்று தண்ணீரை நிறுத்துவார்கள், பதினைந்தாம் நாள் தளிர் சுருங்கிவிடும். தளிர் வந்ததை வேர் வந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேலிக்குள் நெருக்கமாக நடுவதற்குப் பெருவிரல் பருமனில் மூன்று நான்கு அடிப் போத்து போதும். கம்பி கட்டக் காலாக வேண்டுமென்றால் மணிக்கட்டுப் பருமனில் ஆறேழு அடி. ஓர் அடியாவது மண்ணுக்குள் இருக்க வேண்டும், பெரிய போத்துக்கு ஒன்றரை. கடப்பாரையால் குழி போட்டு உள்ளே இறக்குங்கள். போத்தையே அடித்து இறக்கினால் கீழ்ப்பட்டை கிழிந்து, அங்கிருந்து அழுகல் ஏறும். இறக்கியபின் சுற்றிலும் மண்ணைக் கெட்டியாக மிதித்துவிடுங்கள். ஆட்டினால் ஆடுகிற போத்து வேர் விடாது, மெல்லிய வேர் வந்தாலும் அறுந்துவிடும். மேல் வெட்டைச் சாய்வாக வெட்டினால் தண்ணீர் தங்காது. அதன்மேல் சாணியோ களிமண்ணோ அப்பினால் காய்வது குறையும்.

தலைகீழாக நடுவது கேட்கச் சிரிப்பாக இருக்கும். இலை இல்லாத நூறு குச்சியைக் கட்டித் தூக்கி வந்து இறக்கும்போது எது தலை எது கால் என்று உண்மையிலேயே தெரியாது. வெட்டும்போதே கீழ்முனையைத் தட்டையாகவும் மேல்முனையைச் சாய்வாகவும் வெட்டிவிட்டால் குழப்பம் இல்லை.

கள்ளியாக இருந்தால் வெட்டியதும் நடாதீர்கள். நிழலில் சில நாள் போட்டு, பால் வடிந்து, வெட்டுவாய் காய்ந்து தோல் போட்டபின் நடுங்கள். பச்சையாக நட்டால் அழுகும்.

பிழைத்ததா என்று சந்தேகம் வந்தால் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். நகத்தால் பட்டையை லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உதிர்ந்தால் ஓரிரு அங்குலம் கீழே கீறுங்கள். பல தடவை மேல்பாதி செத்து கீழ்பாதி உயிரோடு இருக்கும். அப்படியானால் செத்த பாகத்தை வெட்டிவிட்டால் போதும்.

விதையா, நாற்றா?

களா விதை வெகுநாள் வைத்தால் முளைப்பு குறைந்துவிடும், பழத்தில் இருந்து எடுத்தவுடன் போடுங்கள். கொடுக்காப்புளியை நேராக நிலத்திலேயே விதைக்கலாம். பையில் அதிக நாள் இருந்த நாற்றை வாங்கினால் அடியில் வேர் சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள். சுருண்ட வேரோடு நட்ட செடி நன்றாக வளர்ந்துவிட்டுப் பிற்பாடு ஒரு காற்றில் சாயும்.

எவ்வளவு இடைவெளி? எத்தனை செடி?

ஒற்றை வரிசை வேண்டாம். ஒரு செடி செத்தால் அங்கே வாசல் திறந்துவிடும். இரண்டு வரிசை, வரிசைக்கு வரிசை ஒன்று முதல் ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி. முன்வரிசையின் இடைவெளிக்கு நேராகப் பின்வரிசைச் செடி வரும்படி குறுக்குமறுக்காக நடுங்கள்.

சதுரமான ஒரு ஏக்கர் நிலத்தின் சுற்றளவு ஏறத்தாழ 835 அடி. ஒன்றரை அடிக்கு ஒன்று என்றால் வரிசைக்கு 557, இரண்டு வரிசைக்கு 1,114 செடி. சாவுக்குப் பத்தில் ஒரு பங்கு கூட வைத்தால் 1,225 வரும். அந்தக் கூடுதல் நாற்றை வீட்டில் வைத்துத் தண்ணீர் விட்டு வாருங்கள். இடைவெளியை முதல் வருஷத்துக்குள் நிரப்பினால்தான் நிரம்பும்.

தனித்தனிக் குழியைவிட ஒன்றரை அடி அகல, ஆழத்தில் நீளமாக வாய்க்கால்போல் வெட்டி, எடுத்த மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து திரும்ப நிரப்பி நடுவது நல்லது. வேர் வரிசையோடு ஓடும், தண்ணீர் விடுவதும் சுலபம்.

இளம் வேலியை யார் காப்பாற்றுவது?

இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. ஆட்டைத் தடுக்க வைத்த செடியை ஆடு வந்து தின்றுவிட்டுப் போகும். முதல் இரண்டு வருஷம் வேலிக்கே வேலி வேண்டும். வெட்டிய முள்ளை வெளிப்பக்கம் வரிசையாகப் போட்டு வைக்கலாம், தற்காலிகமாக இரண்டு இழைக் கம்பி ஓட்டலாம். வாய்க்கால் வெட்டிய மண்ணில் கொஞ்சத்தை வெளிப்பக்கம் வரப்பாக ஏற்றினாலும் ஓரளவு உதவும்.

முதல் வறண்ட காலத்தில் வாரம் ஒரு தடவையாவது நன்றாக ஊறும்படி தண்ணீர். தினமும் தெளிப்பதால் வேர் மேலேயே சோம்பேறியாகக் கிடக்கும். அடியில் சருகோ வைக்கோலோ பரப்பி மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி. களை எடுங்கள். ஆள் உயரத்துக்கு வளர்ந்த வேலியைக் களை ஒன்றும் செய்யாது, ஆனால் ஒரு சாண் நாற்றைக் கோரையும் புல்லும் மூடிவிடும்.

கவாத்து எப்போது ஆரம்பிப்பது?

நீங்கள் நினைப்பதைவிட முன்னால். மனசு கேட்காத சமயத்தில்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். களா நாற்று இருநூற்றுச் சொச்சம் வைத்தேன். இரண்டாம் வருஷம் இடுப்பு உயரம் வந்தது. வெட்டுங்கள் என்று அனுபவப்பட்ட ஒருவர் சொன்னார். தண்ணீர் தூக்கி ஊற்றி வளர்த்ததை வெட்டுவதா என்று விட்டுவிட்டேன். நான்காம் வருஷம் என்னைவிட உயரம், பார்க்க அழகு, போகிறவர் வருகிறவர் எல்லாம் மெச்சினார்கள். ஒருநாள் காலையில் வெண்டைப் பாத்தியில் நாற்று நுனி எல்லாம் கத்தரியால் நறுக்கியதுபோல் போயிருந்தது. வேலியோரம் மண்டியிட்டுப் பார்த்தால், இரண்டு தண்டுக்கு நடுவே தேங்காய் மூடி அகலத்தில் வழி. அங்கே மண் வழவழவென்று தேய்ந்து கிடந்தது, பக்கத்து முள்ளில் பழுப்பு முடி நாலைந்து. முயல் ஒருநாள் வந்துபோன தடம் இல்லை, மாதக்கணக்காக நடந்து பழகிய பாதை. மேலே எட்டடி முள், கீழே ராஜபாட்டை.

காரணம் எளிது. செடியின் உச்சிமொட்டில் உருவாகும் ஆக்சின் என்ற பொருள் தண்டு வழியே கீழிறங்கி, பக்க மொட்டுகளைத் தூங்க வைத்திருக்கும். உச்சியை வெட்டினால் அந்தத் தடை போய், கீழே தூங்கும் மொட்டுகள் விழிக்கும். ஆகவே நாற்று வேர் பிடித்து ஒன்றரை அடி எழுந்ததும் அரை அல்லது முக்கால் அடி உயரத்தில் வெட்டிவிடுங்கள். ஒரு தண்டு இருந்த இடத்தில் மூன்று நான்கு கிளம்பும். அவை ஒரு முழம் வளர்ந்ததும் வளர்ந்ததில் பாதியை வெட்டுங்கள். இப்படி ஒவ்வொரு தடவையும் புதிதாக வந்ததில் பாதியை எடுத்தால், வேலி உயரத்தில் மெதுவாகவும் அடர்த்தியில் வேகமாகவும் வளரும். நாலடியைத் தொட மூன்று வருஷம் ஆனால் பரவாயில்லை. அவசரப்பட்டு ஏற்றிய வேலிக்கு அடி பிடிக்க வைப்பது பின்னால் ரொம்பக் கஷ்டம்.

பக்கங்களையும் வெட்ட வேண்டும், அதிலும் வடிவம் உண்டு. கோபுரம் மாதிரி: அடி அகலம், தலை குறுகல். பலரும் வெட்டும்போது கை எட்டும் நடுப்பாகம் தேய்ந்து, தலை குடைபோல் விரிந்துவிடும். குடைக்குக் கீழே வெயில் விழாது. வெயில் விழாத கிளை இலையை உதிர்க்கும், அப்புறம் காயும். அடி வெறுமையாவது இப்படித்தான்.

வெட்டுவதற்கு முன் உள்ளே குருவிக்கூடு இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். குஞ்சு இருந்தால் அந்த இரண்டு கஜத்தை மட்டும் மூன்று வாரம் தள்ளிப்போடுவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

வேலியே பயிரை மேய்ந்துவிடாதா?

மேயும். பழமொழி சும்மா வரவில்லை. வேலியின் வேர் உங்கள் எருவையும் தண்ணீரையும் தேடி உள்ளே வரும், நிழலும் விழும். வேலியை ஒட்டி மூன்று நான்கு அடிக்குப் பயிர் வெளிறி நிற்பதை எங்கும் பார்க்கலாம். அந்த இடத்தில் பயிரோடு மல்லுக்கட்டாமல் நடைபாதையாக விட்டுவிடுங்கள். கவாத்துச் செய்ய நீங்கள் நிற்கவும் இடம் வேண்டுமல்லவா? வேர் ரொம்ப உள்ளே வந்தால், வேலியில் இருந்து இரண்டடி தள்ளி, ஒன்றரை இரண்டடி ஆழத்தில் ஒரு சிறு அகழி வெட்டி வேரைத் துண்டித்துவிடலாம். மழைக்காலத்தில் அதே அகழி தண்ணீரையும் பிடிக்கும்.

கிளைரிசிடியா, கல்யாண முருங்கை போன்றவை வேர் முடிச்சில் காற்றின் நைட்ரஜனைப் பிடிப்பவை. வெட்டிய தழையைப் பாத்தியில் போட்டால் எடுத்ததில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும். கிளைரிசிடியா தழையை ஆடு மாடு பழகினால் தின்னும், முதலில் மோந்துவிட்டுத் திரும்பும், கொஞ்சம் வாட விட்டுப் போட்டால் எடுத்துக்கொள்ளும். குதிரைக்குக் கொடுக்காதீர்கள்.

சீமைக்கருவேல் தானாகவே வருகிறதே, அதையே வேலியாக்கினால் என்ன?

அதற்கு 'வேலிகாத்தான்' என்றே ஒரு பெயர் உண்டு. விறகுக்கும் வேலிக்கும் என்று கொண்டுவந்ததுதான், இப்போது அதனிடமிருந்து நிலத்தைக் காக்க வேலி தேவைப்படுகிறது. நெற்றைத் தின்ற கால்நடை சாணத்தோடு விதையைப் பரப்பும், வெட்டினால் அடியில் இருந்து பல தண்டாகக் கிளம்பும். உண்ணிச்செடியும் அப்படியே, அதன் பழத்தைப் பறவைகள் பரப்பும்.

சப்பாத்திக்கள்ளிக்கு இதைவிடப் பெரிய கதை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வேலிக்கும் அழகுக்கும் வைத்த சப்பாத்திக்கள்ளி, 1920-களில் கோடிக்கணக்கான ஏக்கரை மூடிவிட்டது. வெட்டியும் எரித்தும் விஷம் தெளித்தும் தீரவில்லை. கடைசியில் அதைத் தின்னும் காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியை அர்ஜென்டினாவில் இருந்து கொண்டுவந்து 1926-இல் விட்டார்கள். புழுக்கள் உள்ளிருந்து குடைந்து தின்று, ஏழெட்டு வருஷத்தில் பெரும்பாலான இடத்தைத் திரும்ப மீட்டுக் கொடுத்தன. ஒரு துண்டு விழுந்தால் வேர் விடும் செடியை வைக்குமுன் இது நினைவில் இருக்கட்டும்.

வேலியால் பயிருக்குப் பூச்சி, நோய் வருமா?

செடியைப் பொறுத்தது. செம்பருத்தி வேலியில் மாவுப்பூச்சி ஏறினால், அதே குடும்பத்து வெண்டைக்கும் பருத்திக்கும் இறங்க நேரமாகாது. உள்ளே வளர்க்கும் பயிரின் சொந்தக்காரச் செடியை வேலியில் வைக்காதீர்கள். இதைப் பெரிய அளவில் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் கோதுமை விவசாயிகள். பார்பெரி என்ற அழகான முள்செடியை வேலியாக வைத்தார்கள். கோதுமைத் தண்டில் வரும் துருநோய்ப் பூஞ்சை தன் வாழ்க்கையின் ஒரு பாதியைப் பார்பெரியில்தான் கழிக்கிறது என்பது 19-ஆம் நூற்றாண்டில் நிரூபணம் ஆனது. அமெரிக்காவில் 1918-இல் அரசே திட்டம் போட்டு அந்தச் செடியை வேரோடு பிடுங்க ஆரம்பித்தது.

மறுபக்கமும் உண்டு. வேலியில் பூ இருந்தால் தேனீயும், புழுவைக் கொல்லும் குளவிகளும், பொறிவண்டும் தங்கும்.

பாம்பு வருமா?

எலி வந்தால் பாம்பு வரும். வேலியடியில் காய்ந்த சருகு, வெட்டிய கிளை, கல், குப்பை என்று குவித்து வைத்தால் எலிக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. வெட்டியதை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். வேலியடியில் கைவிடும் முன் ஒரு கோலால் தட்டுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி அடர்ந்த வேலி வேண்டாம்.

உயிர்ப்போத்தில் கம்பி கட்டலாமா?

தாராளமாக. கல்கால் செலவு மிச்சம். போத்து நட்டு ஒரு வருஷமாவது வேர் பிடித்த பிறகு கட்டுங்கள், கம்பியின் இழுப்பில் இளம் போத்து ஆடும். தண்டைச் சுற்றிக் கம்பியை இறுக்காதீர்கள், தண்டு பருக்கும்போது கம்பி உள்ளே புதைந்து மரத்தின் கழுத்தை நெரிக்கும். தண்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு மரச்சட்டம் வைத்து, சட்டத்தை மட்டும் ஆணியால் அடித்து, கம்பியைச் சட்டத்தில் பிடியுங்கள். மரம் விழுங்கிய கம்பி பத்து வருஷம் கழித்து ரம்பத்தில் மாட்டும்போது யார் கை இருக்கும் என்று சொல்ல முடியாது.

நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது. அடைப்பது எப்படி?

வளர்ந்த வேலியின் இடைவெளியில் நாற்று வைத்தால் பெரும்பாலும் வராது. இருபக்கமும் பெரிய வேர், மேலே நிழல், குட்டிச்செடிக்கு ஒன்றும் மிஞ்சாது. பக்கத்துச் செடியின் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, கணுவின் அடிப்பட்டையைக் கொஞ்சம் சீவி, மண்ணில் பதித்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். தாய்ச்செடி பால் கொடுத்துக்கொண்டே இருக்கும்போது பதியன் வேர் விடும். அதுவரை அந்த வழியில் முள்ளை வெட்டி அடையுங்கள். முயல் பழைய பாதையை மறக்காது.

வேலி கிழடாகி அடி வெறுமையாகிவிட்டது. பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடலாமா?

வேர் உயிரோடு இருந்தால் வேண்டாம். மழைக்கு முன் தரையில் இருந்து ஒரு அடியில் வெட்டிவிடுங்கள். நொச்சி, களா, கொடுக்காப்புளி, மருதாணி எல்லாம் அடியில் இருந்து புதிதாகத் தழையும். மொத்தச் சுற்றையும் ஒரே வருஷத்தில் வெட்டாமல் ஒவ்வொரு பக்கமாக வெட்டினால் தோட்டம் திறந்து கிடக்காது. எனது களாவைக் கடைசியில் இப்படித்தான் மீட்டேன். வெட்டிய அன்று வயிறு எரிந்தது.

இங்கிலாந்தில் இன்னொரு முறை இருக்கிறது. தண்டை அடியில் முக்கால்வாசிக்கு மேல் கீறி வெட்டி, ஒரு பட்டையளவு மட்டும் விட்டு, அப்படியே சாய்த்துப் படுக்க வைத்து முளைக்குச்சிகளுக்கு நடுவே பின்னிவிடுவார்கள். அந்தப் பட்டை வழியே சாறு ஓடி, படுத்த தண்டும் உயிரோடு இருக்கும், வெட்டிய அடியிலும் துளிர்க்கும். வெட்டிய அன்றைக்கே அடைப்பும் கிடைக்கும். நன்றாக வளையும் செடிக்குத்தான் இது சரிப்படும், நொச்சியில் செய்து பார்க்கலாம்.

குரங்கு, மயில், யானை?

குரங்குக்கும் மயிலுக்கும் வேலி ஒரு திண்ணை, ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கும். யானையைச் செடிவேலி நிறுத்தாது. கென்யாவில் கம்பியில் தேன்கூட்டுப் பெட்டிகளைத் தொங்கவிட்டு, யானை கம்பியைத் தொட்டதும் தேனீ கிளம்பும்படி வேலி அமைத்துப் பலன் கண்டிருக்கிறார்கள். பன்றிக்கு மட்டும் அடி இறுகிய முள்வேலி ஓரளவு வேலை செய்யும், அதுவும் மண்ணைக் கிளறி அடியில் நுழையாமல் வாரம் ஒரு முறை சுற்றிப் பார்ப்பவருக்கு.

மனிதர்களையே நிறுத்திய உயிர்வேலி உண்டா?

உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் உப்புக் கடத்தலைத் தடுக்க இந்தியாவின் குறுக்கே சுங்கவேலி ஒன்றை வளர்த்தார்கள். முதலில் காய்ந்த முள்ளைக் குவித்தார்கள். அதைக் கறையான் தின்றது, தீ எரித்தது, காற்று அடித்துப் போனது. சுங்க ஆணையராக இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் உயிர்வேலிக்கு மாறினார். களா, இலந்தை, கருவேல், சப்பாத்திக்கள்ளி, கள்ளி என்று அந்தந்த மண்ணுக்கு ஏற்றதை வைத்தார்கள். 1878 வாக்கில் நல்ல நிலையில் இருந்த உயிர்வேலி மட்டும் 400 மைலுக்கு மேல். ஆனால் அதைக் காக்கப் பல ஆயிரம் பேர் தேவைப்பட்டார்கள். 1879-இல் கைவிட்டார்கள். கவனிப்பு நின்றபின் வேலி இருந்த தடமே பெரும்பாலும் இல்லாமல் போனது.

காற்றுக்கும் வேலி உதவுமா?

சுவரைவிட நன்றாக. சுவரில் மோதிய காற்று மேலே ஏறி மறுபக்கம் சுழன்று விழும். பாதிக் காற்றை வடிகட்டி விடும் வேலி, தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரை வேகத்தைத் தணிக்கும்.

கள்ளிப்பால் கண்ணில் பட்டுவிட்டால்?

தேய்க்காதீர்கள். சுத்தமான ஓடும் தண்ணீரில் கண்ணைத் திறந்து வைத்துக் குறைந்தது பதினைந்து நிமிஷம் கழுவுங்கள், அப்புறம் நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். எரிச்சல் குறைந்துவிட்டது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. வெட்டும்போதே கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். அரளி, காட்டாமணக்கு இரண்டையும் வேலியில் வைப்பவர்கள் உண்டு, ஆடு தொடாதுதான். ஆனால் காட்டாமணக்கு விதை குழந்தைகளுக்குக் கடலைபோல் தெரியும், தின்றால் வாந்தி பேதி. அரளியில் எந்தப் பாகமும் விஷம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இரண்டும் வேண்டாம்.

பக்கத்து நிலத்துக்காரரோடு தகராறு வராமல் இருக்க?

எல்லைக்கோட்டின்மேல் நடாதீர்கள். உங்கள் பக்கம் மூன்றடி உள்ளே தள்ளி நடுங்கள். வேலி அகலும், வெளிப்பக்கத்தையும் நீங்கள்தான் வெட்டியாக வேண்டும், அதற்கு நிற்க உங்கள் சொந்த மண் வேண்டும். மூன்றடி போகிறதே என்று தோன்றும். முதல் கவாத்தில், கையில் தொரட்டியோடு அவர் பயிருக்குள் நிற்க நேரும்போது அந்த மூன்றடியின் அருமை தெரியும்.

வாசலை எங்கே விடுவது?

வண்டி திரும்பும் இடத்தில், நடும் முன்பே. இருபக்கமும் கல்காலோ முற்றிய மரக்காலோ போட்டு, வேலிச்செடியைக் காலுக்கு ஓர் அடி தள்ளி நிறுத்துங்கள், படல் திறக்க இடம் இருக்கும். அப்புறம் படலின் அடியைப் பாருங்கள். தரைக்கும் படலுக்கும் நடுவே நாலு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் ஒரு கட்டையை மண்ணில் புதைத்து வையுங்கள். நான் சுற்றிலும் வேலியை அடைத்து முடித்த மறுவாரம் முயல் அந்த வழியாகத்தான் வந்தது.